பென்டிரைவ் பெரிதாக இருந்தால் பூட் ஆகாதா?

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், தமிழ் டைப்பிங் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று, மாமனார் கடை நடத்திய நாளிலிருந்து ஓடும் டெஸ்க்டாப்; விண்டோஸ் 7-இல் ஆரம்பித்து இப்போது விண்டோஸ் 10-இல் நிற்கிறது. இன்னொன்று, மூன்று வருடத்துக்கு முன்பு தவணையில் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 11. இரண்டுமே ரொம்ப மெதுவாகிவிட்டன. புதிதாக விண்டோஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்ல, ஆறு மாதத்துக்கு முன்பு வேலூரில் வாங்கிய 128 ஜிபி பென்டிரைவைக் கையில் எடுத்திருக்கிறார். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ கோப்பையும் (நிறுவத் தேவையானதெல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கிவிட்டார்.

அதன்பிறகுதான் சிக்கல். வலது கிளிக் செய்து ஃபார்மட் கொடுத்தால் ஃபேட்32 என்பதே பட்டியலில் இல்லை (பென்டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்று அது; என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் என்று வேறும் உண்டு). என்டிஎஃப்எஸ் வைத்து ஃபார்மட் செய்து, ஐஎஸ்ஓ-வுக்குள் இருப்பதையெல்லாம் காப்பி போட்டார். எதிலிருந்து துவங்க வேண்டும் என்று லேப்டாப் கேட்கும் பூட் மெனுவில் பென்டிரைவ் தெரியவே இல்லை. எக்ஸ்ஃபேட் வைத்துப் பார்த்தார், அதே கதை. யூடியூபில் ஒருவர் சொன்னபடி டிஸ்க்பார்ட் (டிஸ்கைப் பிரிக்கும் விண்டோஸ் கட்டளைக் கருவி) போட்டு, 32 ஜிபி-க்கு ஒரு பார்ட்டிஷன் பிரித்து ஃபேட்32 ஆக்கினார். இப்போது காப்பி பாதியில் நிற்கிறது. சேருமிடத்துக்கு இந்தக் கோப்பு மிகப் பெரியது என்று செய்தி வருகிறது. பென்டிரைவும் 32 ஜிபி மட்டும்தான் காட்டுகிறது.

“32 ஜிபி-க்கு மேல் இருந்தால் பூட்டபிள் ஆகாது, சின்னதாக ஒன்று வாங்குங்கள் அண்ணி என்கிறார் கொழுந்தன். டிரைவ் போயிடுச்சு, 500 ரூபாய் கொடுத்தால் நானே ஆக்டிவேட் பண்ணின விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்கிறார் இங்கே சர்வீஸ் பார்ப்பவர். வாங்கின கடையில் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள். யாரை நம்புவது சார்? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா?” என்று கேட்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறார்: “அதில் கஸ்டமர்களுடைய ஸ்கேன் கோப்புகளும் என் கணக்கு எக்செல்லும் இருந்தன. எல்லாம் போய்விட்டது, பரவாயில்லை.”

சகோதரி, நீங்கள் பரவாயில்லை என்று விட்ட அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். பென்டிரைவைக் கழற்றி டிராயரில் வையுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை அதில் எதையும் ஃபார்மட் செய்யவோ காப்பி போடவோ வேண்டாம். விண்டோஸ் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஆறு மாதக் கணக்கு அப்படித் திரும்பி வராது. நீங்கள் நினைப்பதுபோல அது முழுக்கப் போயிருக்கவும் இல்லை.

போன கோப்புகள்

ஃபார்மட் ஒவ்வொன்றும் “சில விநாடியில் முடிந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்தி அதுதான். அந்தப் பெட்டியில் ‘குயிக் ஃபார்மட்’ என்பதற்கு எதிரே டிக் முன்கூட்டியே போட்டிருக்கும். நீங்கள் அதை எடுக்கவில்லை. டிக்கை எடுத்திருந்தால் விண்டோஸ் பென்டிரைவின் மூலைமுடுக்கெல்லாம் பூஜ்யம் எழுதியிருக்கும். 128 ஜிபி-க்கு அது விநாடிக் கணக்கில் முடிகிற வேலை கிடையாது. குயிக் ஃபார்மட் என்பது பத்திரப்பதிவு அலுவலகத்தில் அட்டவணைப் புத்தகத்தை மட்டும் கிழித்துப் போடுவது மாதிரி. பத்திரங்கள் ரேக்கிலேயே இருக்கும். எது எங்கே என்று சொல்ல ஆள் இருக்காது, புதிதாக வருவதை அவற்றின் மேலேயே அடுக்கவும் தடை இருக்காது.

டிஸ்க்பார்ட்டில் நீங்கள் கொடுத்த ‘கிளீன்’ கட்டளையும் பெயரைக் கேட்டால் பயமாக இருக்கிறதே தவிர, பார்ட்டிஷன் விவரம் இருக்கும் பகுதியைத்தான் அழிக்கிறது. முழுவதையும் துடைக்க ‘கிளீன் ஆல்’ என்று வேறு கட்டளை உண்டு. அதை நீங்கள் கொடுத்ததாக எழுதவில்லை.

உண்மையான சேதம் காப்பி போட்டபோது நடந்திருக்கிறது. விண்டோஸ் கோப்புகளை மூன்று முறை ஏற்றியிருக்கிறீர்கள். அவை பெரும்பாலும் பென்டிரைவின் முன்பகுதியில் சில ஜிபி இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கும். உங்கள் பழைய ஸ்கேன்களில் ஆரம்ப மாதங்களில் சேமித்தவை அந்த இடத்தில் இருந்தால், அவை போனது போனதுதான். பின்னால் சேமித்தவை தப்பித்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இத்தனை சதவீதம் கிடைக்கும் என்று பார்க்காமலே வாக்குக் கொடுப்பவரிடம் பென்டிரைவைக் கொடுக்காதீர்கள்.

நீங்களே முயலலாம். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்று இரண்டு இலவச மென்பொருள்கள் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. முதலில் டெஸ்ட்டிஸ்கில் உள்ள வசதியை வைத்து, பென்டிரைவ் முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக (அச்சு அசலான நகல்) வேறொரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வையுங்கள். அந்த டிஸ்கில் 128 ஜிபி-க்கு மேல் காலியிடம் வேண்டும். அதன்பிறகு ஃபோட்டோரெக்கை அந்த இமேஜின் மேல் ஓட்டுங்கள். அசல் பென்டிரைவைத் தொட வேண்டியதில்லை. மீட்டதைச் சேமிக்கும் இடமும் வேறு டிஸ்காகவே இருக்கட்டும். ஜேபெக், பிடிஎஃப், எக்செல் மூன்றையும் ஃபோட்டோரெக் அடையாளம் காணும். ஒரே சங்கடம், பழைய கோப்புப் பெயர்கள் வராது. எண்களாகத்தான் வந்து குவியும். கணக்கு எக்செல்லைத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எக்செல் கோப்புகளை மட்டும் தேடச் சொல்லி முதல் சுற்று ஓட்டினால் அந்த வேலை பாதியாகக் குறையும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மீட்க முடிவது மற்றவருக்கும் முடியும். ஆதார், பட்டா, வங்கிப் பாஸ்புக் என்று ஊர்க்காரர்களின் காகிதமெல்லாம் அதில் இருந்திருக்கிறது. அந்தப் பென்டிரைவை அப்படியே கடையில் கொடுத்து மாற்றி வாங்கியிருந்தால், அடுத்து அது யார் கைக்குப் போகுமோ? கடைக்காரர் மாற்றித் தர மறுத்தது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. மீட்பு வேலை முடிந்த பிறகு, யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், குயிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு ஒருமுறை முழு ஃபார்மட் செய்துவிட்டுக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால், 32 ஜிபி-யாகச் சுருங்கிக் கிடப்பதை முழு அளவுக்கு ஆக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீதி 90 ஜிபி-யில் இருப்பது துடைபடாது.

32 ஜிபி வேறு, 4 ஜிபி வேறு

உங்கள் கொழுந்தனார் சொன்னது நம்மூரில் பாதிப்பேர் நம்புகிற விஷயம். அதில் இரண்டு தனித்தனி வரம்புகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

முதல் வரம்பு 32 ஜிபி. இது பென்டிரைவின் குறையும் அல்ல, ஃபேட்32-இன் குறையும் அல்ல. ஃபேட்32 சாதாரணமாக 2 டிபி வரை தாங்கும். விண்டோஸில் நாம் பார்க்கும் அந்த ஃபார்மட் பெட்டிதான் 32 ஜிபி-க்கு மேல் ஃபேட்32 தர மறுக்கிறது. டேவ் பிளம்மர் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் 1994-இல் அந்தப் பெட்டியை எழுதினார். ஏதோ ஒரு அளவு வைக்க வேண்டுமே என்று 32 என்ற எண்ணைத் தானாகவே வைத்ததாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். தற்காலிகமாகச் செய்த அந்தப் பெட்டி முப்பது வருடமாக நம் தலையில் உட்கார்ந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில்தான், விண்டோஸ் 11-இன் ஒரு சோதனைப் பதிப்பில், கட்டளை வழியாக ஃபார்மட் செய்யும்போது மட்டும் 2 டிபி வரை ஃபேட்32 ஆக்கலாம் என்று மாற்றினார்கள். அதற்கு முன்பே, ரூஃபஸ் (பூட்டபிள் பென்டிரைவ் தயாரிக்கும் மென்பொருள்) மாதிரியான வெளி மென்பொருள்களில் 64, 128 ஜிபி பென்டிரைவையும் தாராளமாக ஃபேட்32 ஆக்க முடிந்தது.

இரண்டாவது வரம்பு 4 ஜிபி. இது ஃபேட்32-க்கே உரியது, யாராலும் மாற்ற முடியாதது. ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி-யைத் தொடக்கூடாது. விண்டோஸ் ஐஎஸ்ஓ-வுக்குள் ‘சோர்சஸ்’ என்ற ஃபோல்டரில் ‘இன்ஸ்டால்.விம்’ என்று ஒரு கோப்பு இருக்கும். விண்டோஸ் முழுவதும் அதற்குள்தான் அடைத்து வைத்திருக்கிறது. இப்போது வரும் ஐஎஸ்ஓ-க்களில் அது 4 ஜிபி-யைத் தாண்டிவிடுகிறது. உங்கள் காப்பி பாதியில் நின்றது அந்தக் கோப்பில்தான். இடம் இல்லாமல் நிற்கவில்லை. 32 ஜிபி-யில் முக்கால்வாசி காலியாக இருந்திருக்கும். ஆகவே சின்ன பென்டிரைவ் வாங்கியிருந்தாலும் இதே இடத்தில்தான் வந்து நின்றிருப்பீர்கள். வாங்காததால் அந்தக் காசாவது மிச்சம்.

சரி, ஃபேட்32 மேல் ஏன் இத்தனை பிடிவாதம்? லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் விழித்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்று மதர்போர்டிலேயே இருக்கிறது. புதிய மெஷின்களில் அதற்கு யூஇஎஃப்ஐ என்று பெயர். அதன் விதிமுறைப்படி அதற்குக் கட்டாயம் படிக்கத் தெரிய வேண்டியது ஃபேட் வகை மட்டும்தான். என்டிஎஃப்எஸ் படிக்கத் தெரிந்த போர்டுகள் சில உண்டு. உங்களுடையது அதில் சேரவில்லை. அதனால்தான் முதல் இரண்டு தடவை பூட் மெனுவில் பென்டிரைவ் வரவே இல்லை. டிரைவ் போய்விட்டது என்று சர்வீஸ்காரர் சொன்னதற்கு உங்கள் கடிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. போன டிரைவில் இவ்வளவு தடவை காப்பி ஏறியிருக்காது.

பழைய டெஸ்க்டாப் கதை வேறு. அதில் இருப்பது யூஇஎஃப்ஐ-க்கு முந்தைய வகையான பயாஸ். அதற்கு எந்த வகை ஃபார்மட் என்பது முக்கியமில்லை; பென்டிரைவின் முதல் பகுதியில் பூட் குறிப்பு எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஐஎஸ்ஓ-வைத் திறந்து வெறுமனே காப்பி போட்டால் அந்தக் குறிப்பு வராது. கொழுந்தனார் பக்கமும் ஒரு நியாயம் இங்கே இருக்கிறது: சில பழைய பயாஸ்கள் பெரிய பென்டிரைவைப் பார்த்தால் திணறுவது உண்டு. அப்படி ஆனால் வீட்டில் கிடக்கும் ஒரு பழைய 8 ஜிபி பென்டிரைவ் போதும்.

லேப்டாப்புக்கு என்ன செய்யலாம்?

முதலில், அதற்குப் பென்டிரைவே தேவையா என்று பாருங்கள். லேப்டாப் ஒழுங்காக ஆன் ஆகிறது, மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதானே? செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரெகவரி என்று போனால் ‘ரீசெட் திஸ் பிசி’ இருக்கும். ‘கிளவுட் டவுன்லோடு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் புது விண்டோஸை அதுவே இணையத்திலிருந்து இறக்கி ஏற்றிக்கொள்ளும். அதற்கும் முன்னால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கடை வேலை நடக்கும் நேரத்தில் மெமரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 4 ஜிபி ரேமில் பிரவுசரைப் பத்து டேபோடு திறந்து வைத்தால் எந்த விண்டோஸும் மெதுவாகத்தான் ஓடும். அப்போது தேவை இன்னொரு ரேம். ஃபார்மட் போட்டால் வேகம் வரும் என்ற நம்பிக்கை ஹார்ட் டிஸ்க் காலத்து மிச்சம்.

ஆனாலும் கடையில் ஒரு பூட்டபிள் பென்டிரைவ் இருப்பது நல்லது. ஒருநாள் லேப்டாப் ஆன் ஆகாமல் போனால் ரீசெட் பட்டனைத் தேட முடியாதே. உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவியான மீடியா கிரியேஷன் டூல். 8 ஜிபி-க்குக் குறையாத பென்டிரைவ் கேட்கும். விண்டோஸ் கோப்பை 4 ஜிபி-க்குள் அடங்கும்படி இறுக்கிச் சுருக்கியே இறக்குவதால் அந்தப் பிரச்சினை எழாது. 128 ஜிபி பென்டிரைவில் 32 ஜிபி-யை மட்டும் ஃபேட்32 ஆக்கிவிட்டு மீதியைச் சும்மா விட்டுவிடும். அதைப் பார்த்து மறுபடி பதற வேண்டாம். வேலை முடிந்ததும் டிஸ்க் மேனேஜ்மென்டில் பழைய பார்ட்டிஷனை அழித்துவிட்டு, முழு இடத்துக்கும் ஒரே எக்ஸ்ஃபேட் பார்ட்டிஷன் போட்டால் பழைய அளவு வந்துவிடும்.

இறக்கி வைத்த ஐஎஸ்ஓ-வையே பயன்படுத்தியாக வேண்டும் என்றால் ரூஃபஸ். லேப்டாப்புக்குப் பார்ட்டிஷன் வகையை ஜிபிடி என்றும் பூட் முறையை யூஇஎஃப்ஐ என்றும் வையுங்கள். கோப்பு பெரிது என்று தெரிந்தால் அதுவே என்டிஎஃப்எஸ் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் 1 எம்பி அளவுக்கு ஒரு குட்டி ஃபேட் பார்ட்டிஷன் போட்டுவிடும். போர்டு அந்தக் குட்டியைப் படிக்கும். அது என்டிஎஃப்எஸ்ஸைத் திறந்துவிடும். நீங்கள் கையால் என்டிஎஃப்எஸ் ஃபார்மட் செய்தபோது இல்லாமல் போனது இந்தக் குட்டிதான். வென்டாய் என்று இன்னொன்று இருக்கிறது: பென்டிரைவில் அதை ஒருமுறை ஏற்றிவிட்டால், ஐஎஸ்ஓ கோப்புகளைப் பாட்டு காப்பி போடுவது போலப் போட்டுக்கொண்டே போகலாம், பூட் ஆகும்போது பட்டியல் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். பழைய பயாஸிலும் ஓடும், புதியதிலும் ஓடும். 128 ஜிபி-யை வீணாக்காத வழி என்று பார்த்தால் இதுதான். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் காவல்) இருக்கும் லேப்டாப்பில் முதல்முறை ஒரு நீலத் திரை வந்து அனுமதி கேட்கும். அங்கே பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் உங்களுக்கு முதலில் இதைச் சொல்லவில்லை. இன்ஸ்டால்.விம் கோப்பைக் கட்டளை கொடுத்து இரண்டு துண்டாக உடைத்து ஃபேட்32-லேயே வைக்கிற வழியும் உண்டு. செய்து பார்க்க ஆசை இருப்பவர்களுக்கு அது; கடை நேரத்தில் உங்களுக்கு வேண்டாம்.

லேப்டாப்பில் கை வைப்பதற்கு முன் இரண்டு விஷயம். பயாஸ் செட்டிங்கில் செக்யூர் பூட்டை மாற்றினால், டிஸ்க் பிட்லாக்கரில் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) பூட்டியிருக்கும் பட்சத்தில், 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டாவது, பதினொன்றாம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பிந்தையதும் உள்ள சில லேப்டாப்களில், பென்டிரைவிலிருந்து பூட் ஆன பிறகு டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கும். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான டிஸ்க்) போய்விட்டது என்று சொல்லி அங்கேயே புதிது விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவர் என்று இருக்கும். அதை இறக்கி, விரித்து, பென்டிரைவிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்து, ‘லோடு டிரைவர்’ கொடுத்துக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும்.

பழைய டெஸ்க்டாப்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டு உபயோகக்காரர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள்; அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 ஏற்ற, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பம். விண்டோஸ் 7 காலத்து மெஷின் அந்தப் பக்கம் போகவே முடியாது. ரூஃபஸில் அந்தச் சோதனைகளைத் தாண்டிவிடும் வசதி இருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்குப் பொறுப்பேற்காது. நாளைக்கு அப்டேட் நின்றால் கேட்க ஆளில்லை. ஊர் ஜனங்களின் ஆதார் எண்ணைத் தட்டச்சு செய்யும் மெஷினில் அதை நான் செய்ய மாட்டேன்.

என் யோசனை இது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். வேகம் என்று நீங்கள் தேடுவது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றுங்கள். அதன் ஐஎஸ்ஓ மொத்தமே 3 ஜிபி அளவுதான், ஆகவே 4 ஜிபி தொல்லை கிடையாது. ரூஃபஸில் பார்ட்டிஷன் வகையை எம்பிஆர் என்று வைத்தால் போதும். நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓட்டிப் பார்க்கும்போது உங்கள் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பிரிண்ட் போகிறதா, ஸ்கேனர் எடுக்கிறதா என்று பாருங்கள். விரல்ரேகைக் கருவியை லேப்டாப்போடு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் டைப்பிங்கில் இன்னும் பாமினி, வானவில் என்று பழைய எழுத்துரு கேட்டு வருகிறவர்கள் அதிகம் என்றால் அந்த வேலையும் லேப்டாப்புக்கே போகட்டும். டெஸ்க்டாப், பிரிண்ட் எடுக்கவும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ போடவும் இருந்தால் போதும். பிரிண்டர் ஓடவில்லை என்றால் என்னைத் திட்டிவிட்டு, இணையத் தொடர்பில்லாமல் விண்டோஸ் 10-ஐயே அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர், கோர்ட், 500 ரூபாய்

கன்ஸ்யூமர் கோர்ட்டில் சொல்ல இப்போதைக்கு உங்களிடம் குறை எதுவும் இல்லை. 128 ஜிபி என்று எழுதி 119 காட்டுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது ஏமாற்று கிடையாது: கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. 128-ஐ அப்படிப் பிரித்தால் 119 வரும்.

ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சந்தையில் 32 ஜிபி சிப்பை வைத்து 128 என்றும் 1 டிபி என்றும் காட்டும்படி ஏமாற்றி விற்கும் சரக்கு இருக்கிறது. கோப்புகளை மீட்ட பிறகு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவசக் கருவியை ஓட்டுங்கள். அது பென்டிரைவ் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லும். குறைந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து, பில்லோடு கடைக்குப் போங்கள். அப்போதும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் வாங்கியிருந்தால் எல்லாமே கஷ்டம். டெஸ்ட் சரியாக வந்துவிட்டால் கடைக்காரரை விட்டுவிடுங்கள், பாவம்.

அந்த 500 ரூபாய் விண்டோஸ் வேண்டவே வேண்டாம். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் அதன் உரிமம் போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பைத் திரும்ப ஏற்றி இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஏற்கெனவே காசு கொடுத்ததற்கு மறுபடி எதற்குக் கொடுப்பது? அவர் ஓட்டுகிற ஆக்டிவேட்டருக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அதோடு, தெரிந்தே திருட்டு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் தனிக் குற்றம். ஏழு நாளிலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. குடியாத்தத்தில் யார் வந்து பிடிக்கப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கடையில் வங்கி ஓடிபி சொல்லிவிட்டுப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

வேலையில் இறங்கும் நாளன்று

டிஸ்க்பார்ட் திரும்ப உங்களுக்குத் தேவைப்படாது என்று நம்புகிறேன். தேவைப்பட்டால், பென்டிரைவைச் செருகாமல் ஒருமுறை டிஸ்க் பட்டியலைப் பாருங்கள். செருகிவிட்டு மறுபடி பாருங்கள். புதிதாக வந்த எண்தான் உங்களுடையது. அளவையும் ஒப்பிடுங்கள். ‘கிளீன்’ கொடுத்தால் உறுதியா என்று கேட்காது, உடனே செய்துவிடும். பேக்கப் எடுத்த வெளி ஹார்ட் டிஸ்க் எதுவும் அந்த நேரத்தில் செருகியிருக்கக் கூடாது. விண்டோஸ் ஏற்றும்போது பார்ட்டிஷன் அழிக்கும் திரைக்கும் இதே விதிதான்.

டெஸ்க்டாப்பில் முன்பக்க யூஎஸ்பி ஓட்டையை விட்டுவிட்டுப் பின்பக்கம், போர்டிலேயே இருப்பதில் செருகுங்கள். முன்பக்க வயர் தளர்ந்த பழைய கேபினெட்டுகளில் பாதியில் துண்டித்துக்கொண்டு, பென்டிரைவ் மேல் பழி வரும். பூட் மெனுவுக்கு லெனோவா, டெல் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. ஏசரில் எஃப்12-ஐ முதலில் பயாஸுக்குள் போய் ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

உங்கள் பக்கத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்கு எந்த நாள் கரண்ட் நிறுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். இரண்டு மெஷினையும் ஒரே நாளில் பிரித்துப் போடாதீர்கள். ஒன்று ஓடி, பிரிண்ட் வந்த பிறகு அடுத்தது. மீட்பு வேலையின்போது பென்டிரைவ் கையில் சுடுகிற அளவுக்குச் சூடானாலோ, அடிக்கடி காணாமல் போய்த் திரும்ப வந்தாலோ, அத்தோடு நிறுத்திவிட்டு டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள். பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, கோப்பு கிடைத்தால் எவ்வளவு, கிடைக்காவிட்டால் எவ்வளவு என்று மூன்றையும் கொடுக்கும்போதே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.